பென்சான்ஸிலிருந்து ஒரே நாளில் கார்ன்வாலின் மேற்கு முனையைக் காரில் சுற்ற முடியுமா?

கேள்வி இதுதான்: ஜூன் மாதம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள பென்சான்ஸில் இரண்டு இரவு தங்கல். கையில் வாடகைக் கார். நடுவில் முழுதாக ஒரு நாள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, கூடவே பத்து வயதுப் பையன். லேண்ட்ஸ் எண்ட், மினாக் அரங்கம், சுரங்கங்கள், செயின்ட் ஐவ்ஸ், செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் எல்லாவற்றையும் அந்த ஒரே நாளில் பார்த்துவிடலாமா, எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது?

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. கார் கண்ணாடி வழியாகப் பார்ப்பதையும் கணக்கில் சேர்த்தால் முடியும்.

வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். முழு வட்டமும் எழுபது, எண்பது கிலோமீட்டர்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஒன்றரை வண்டி அகலமுள்ள சாலை. ஒரு டிராக்டர் முன்னால் மாட்டினாலோ, மாலையில் பால் கறக்க மாடுகளை ஓட்டிக்கொண்டு போனாலோ, அவை போகும் வரை உங்கள் வேகமும் அதேதான். அதனால் இறங்கி நேரம் செலவழிக்க மூன்று இடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: போர்த்கர்னோ கடற்கரை (மினாக் அரங்கம் அதன் மேலேதான்), கீவர் சுரங்கம், போட்டலக் சுரங்கச் சிதைவுகள். மற்றவை வழியில் கிடைப்பவை. செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்டை அடித்துவிடலாம். கடல் வற்றும்போது மட்டும் நடந்து போகக்கூடிய கல்பாதை, பிறகு கோட்டை வரைக்கும் கரடுமுரடான ஏற்றம், திரும்பி வர மறுபடி ஓதம் பார்க்க வேண்டும். அதற்கே அரை நாள் போய்விடும். பென்சான்ஸ் கடற்கரை நடைபாதையிலிருந்தே அந்தத் தீவு நன்றாகத் தெரியும். செயின்ட் ஐவ்ஸை என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

திசை முக்கியம். பெரும்பாலானவர்கள் ஏ30 சாலையில் நேரே லேண்ட்ஸ் எண்டுக்குப் போய் அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்வது பென்சான்ஸிலிருந்து தெற்குக் கரையோரமாக, கடிகார முள் சுற்றும் திசையில். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்க ஓட்டம் என்பதால், இப்படிப் போனால் நாள் முழுக்கக் கடல் உங்கள் இடது கைப்பக்கமே இருக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக் காட்சி மறைக்காது, சாலையோர ஒதுக்கிடங்களில் எதிர்ச்சாரியைக் குறுக்கே வெட்டாமல் சட்டென்று ஒதுங்கலாம். வெயிலும் ஒத்துழைக்கும்: காலையில் தெற்குக் குடாக்களில் நல்ல வெளிச்சம், மாலையில் மேற்குப் பாறைகள் மேல் நேர் வெளிச்சம். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். அதனால் நேரம் பற்றாது என்ற பயம் வேண்டாம். அதே பயணத்தை டிசம்பரில் கேட்டிருந்தால், நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், பாதியோடு நிறுத்துங்கள் என்றிருப்பேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினால் முதலில் வருவது நியூலின். மீன்பிடித் துறைமுகம், இறங்க வேண்டியதில்லை. ஆனால் பையனிடம் ஒரு விஷயம் சொல்லலாம். பிரிட்டனின் பெருநிலப்பரப்பில் எந்த மலையின் உயரத்தைச் சொன்னாலும் அது இந்தத் துறைமுகத்திலிருந்து அளந்த உயரம். 1915 முதல் 1921 வரை இங்கே கடல் மட்டத்தைத் தொடர்ந்து குறித்து, அதன் சராசரியைத்தான் பூஜ்யமாக வைத்துக்கொண்டார்கள். அளவுக்கருவி இருந்த சிறு கட்டடம் துறைமுகச் சுவரின் முனையில் இன்னும் நிற்கிறது.

நியூலினைத் தாண்டி மௌஸ்ஹோலுக்குப் போகும் சாலையில், இடப்பக்கம் கடலோரமாக ஒரு பழைய படகுக்கொட்டில் வரும். பென்லீ உயிர்காப்புப் படகு நிலையம். 1981 டிசம்பர் 19 இரவு, எஞ்சின் நின்றுபோய் சூறாவளியில் பாறைப் பக்கம் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பலில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களை மீட்க இங்கிருந்து சாலமன் பிரவுன் என்ற மரப்படகு இறங்கியது. அதிலும் எட்டுப் பேர், எல்லோரும் மௌஸ்ஹோல் ஊர்த் தன்னார்வலர்கள். நாலு பேரை ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் சொன்னார்கள். மற்றவர்களையும் எடுக்கத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. பதினாறு பேரும் போனார்கள். மௌஸ்ஹோல் துறைமுகத்தில் கிறிஸ்துமஸுக்கு எரியும் வண்ண விளக்குகளை ஆண்டுதோறும் டிசம்பர் 19 அன்று ஒரு மணி நேரம் அணைத்து வைக்கிறார்கள். கொட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன நினைவுத் தோட்டம் இருக்கிறது. பெரியவர்களும் இறங்கிப் பார்க்கலாம்.

மௌஸ்ஹோலுக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். ஊருக்கு வெளியிலேயே வண்டி நிறுத்த இடமுண்டு. உள்ளே தெருக்கள் கைவண்டிக் காலத்தவை. முக்கால் மணி நேரம் துறைமுகத்தைச் சுற்றி நடந்தால் போதும். 1595-ல் ஸ்பானியக் கப்பல்கள் வந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போயின. கெய்க்வின் குடும்பத்து வீடு மட்டும் தப்பியது, அது இன்றும் இருக்கிறது.

இங்கிருந்து பி3315 சாலை. இதில்தான் உங்கள் ஓட்டுநர் திறமைக்குச் சோதனை. இந்திய உரிமத்தோடு வந்த முதல் பன்னிரண்டு மாதம் நீங்கள் ஓட்டலாம், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வேலியில். இரண்டு பக்கமும் புல்லும் பூவுமாகப் பச்சைப்பசேல் என்று நிற்பது வெறும் செடி என்று நினைத்து ஒதுங்கினால் கண்ணாடியோ கதவோ போய்விடும். கார்ன்வால் வேலி என்பது உள்ளே கருங்கல் அடுக்கிய சுவர். மேலே மண்ணும் செடியும் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எதிரே வண்டி வந்தால், ஒதுக்கிடத்துக்கு யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவர் பின்வாங்குவது வழக்கம். வழிவிட்டவருக்குக் கை தூக்கி நன்றி காட்டாமல் போனால் அங்கே மரியாதைக் குறைவு. பின்னோக்கி ஓட்டப் பழக்கம் இல்லையென்றால் முந்தின நாள் மாலையே ஏதாவது காலி நிறுத்துமிடத்தில் பழகிக்கொள்ளுங்கள். கியர் மாற்றும் வண்டி கைவராதவர்கள் வாடகைக்கு எடுக்கும்போதே ஆட்டோமேட்டிக் என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் கியர் வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஜிபிஎஸ் "குறுக்கு வழி" என்று எதையாவது காட்டினால் நம்பாதீர்கள், அது யாரோ ஒரு விவசாயியின் தொழுவத்தில் போய் முடியும். பி3315, பி3306 இரண்டையும் விட்டு இறங்காமல் போங்கள். டீசலோ பெட்ரோலோ பென்சான்ஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

லமோர்னாவைத் தாண்டியதும் ட்ரீன் என்ற சிற்றூர். அதன் கடல்முனையில் லோகன் பாறை என்று ஒன்று இருக்கிறது. எண்பது டன் எடை, ஆனால் கையால் தள்ளினால் ஆடும். அந்தப் பெருமையைப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று 1824-ல் ஹியூ கோல்ட்ஸ்மித் என்ற கடற்படை அதிகாரி ஆட்களோடு வந்து அதைக் கீழே தள்ளிவிட்டார். ஊர் கொதித்தது. அந்தப் பாறையைப் பார்க்க வருபவர்களை நம்பிப் பிழைத்தவர்கள் இருந்தார்களே! கடைசியில் அவரே பாரந்தூக்கிகளும் சங்கிலிகளும் ஆட்களுமாகத் திரும்ப வந்து அதை இருந்த இடத்திலேயே ஏற்றி வைத்தார். முன்போல் ஆடவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாறைக்குப் போகும் பாதை கரடு என்பதால் உங்கள் குழுவுக்கு வேண்டாம். கதை போதும்.

அடுத்தது போர்த்கர்னோ. வெள்ளை மணல், பச்சை நீலத் தண்ணீர், இருபக்கமும் கருங்கல் முகடு. படத்தில் பார்ப்பவர்கள் இங்கிலாந்து என்று நம்ப மாட்டார்கள். (தண்ணீரில் காலை வைத்தால் இங்கிலாந்துதான் என்று தெரிந்துவிடும்.) பையனைக் குளிக்க விடுவதென்றால் மணலில் சிவப்பு மஞ்சள் கொடிகள் நட்டிருக்கும் எல்லைக்குள் மட்டும்.

நம்மவர்களுக்கு இந்த மணலில் வேறொரு சுவாரசியம் உண்டு. 1870-ல் பம்பாயையும் லண்டனையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறியது இங்கேதான். லிஸ்பன் பக்கம், ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் என்று கடல் கடலாகத் தாண்டி வந்த தொடரின் கடைசிக் கண்ணி இது. அடுத்த ஆண்டுக்குள் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி போய்விட்டது. அதுவரை கப்பலில் வாரக்கணக்கிலும் தரைவழித் தந்தியில் நாட்கணக்கிலும் வந்த சேதி மிக வேகமாக வர ஆரம்பித்தது. அரிசி விலை, பருத்தி விலை, கலவரச் செய்தி, கவர்னருக்கு உத்தரவு எல்லாம் இந்தச் சின்னப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் போய்வந்தன. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து, உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு பாறையைக் குடைந்து தந்தி நிலையத்தை உள்ளே தள்ளினார்கள். அந்தக் குகையறைகள்தான் இன்றைய அருங்காட்சியகம். தந்திக் கருவிகளை இயக்கியே காட்டுவார்கள். தந்தி வந்தாலே வீட்டில் அழுகை ஆரம்பித்த காலத்தைப் பார்த்த அப்பாவுக்கு இந்த இடம் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

அதற்கு மேலே, முகட்டின் விளிம்பில் மினாக் திறந்தவெளி அரங்கம். ரொவேனா கேட் என்ற பெண்மணி தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கீழேயிருந்த பாறைச் சரிவைத் தோட்டக்காரரின் துணையோடு செதுக்கி உண்டாக்கியது. 1932-ல் முதல் நாடகம். கருங்கல் வாங்கக் காசு பற்றாமல், கடற்கரை மணலைத் தானே சுமந்து ஏற்றி, சிமென்டில் படிகள் வார்த்து, காய்வதற்குள் பழைய திருப்புளியால் கோலங்கள் கீறினார். 1983-ல் இறக்கும் வரை அதே வேலை. படிகள் செங்குத்து. மூட்டுவலி இருந்தால் கீழே இறங்க வேண்டாம், மேல் வரிசையிலிருந்தே மேடையும் கடலும் தெரியும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பகல்காட்சி உள்ள நாட்களில் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு நேரம் குறைத்துவிடுவார்கள். கடற்கரையிலிருந்து அரங்கத்துக்கு ஒரு படிப்பாதை இருக்கிறது. பையன் அதில் ஏறட்டும், பெரியவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மேலே போங்கள்.

இனி லேண்ட்ஸ் எண்ட். என் கருத்து ஊரோடு ஒத்துப்போகாது: அந்த நாளின் மிகச் சுமாரான இடம் அதுதான். பாறை அற்புதம், மறுக்கவில்லை. எதிரே அலைகளுக்கு நடுவில் 1873-ல் கட்டிய லாங்ஷிப்ஸ் கலங்கரை விளக்கம், தெளிவான நாளில் 45 கிலோமீட்டர் தள்ளி சில்லித் தீவுகள். ஆனால் அதைப் பார்க்க வண்டி நிறுத்தக் கட்டணம் கட்டி, கேளிக்கைக் கூடங்களையும் நினைவுப்பொருள் கடைகளையும் தாண்டிப் போக வேண்டும். புகழ்பெற்ற கைகாட்டிக் கம்பத்தின் அருகில் முறையாக நின்று படமெடுக்கவும் காசு. "நாட்டின் கடைசிவரை போனோம்" என்று ஊரில் சொல்ல வேண்டுமென்று அம்மா ஆசைப்பட்டால் போங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அதைவிட நல்ல வழி சென்னன் குடா. லேண்ட்ஸ் எண்டுக்கு வடக்கே ஒட்டியபடி நீண்ட மணற்கரை. மதிய உணவை அங்கே வையுங்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கட்டும், நீங்களும் பையனும் முகட்டுப் பாதையில் லேண்ட்ஸ் எண்ட் வரை நடந்து திரும்பலாம். ஒரு வழி இரண்டு கிலோமீட்டர், நடந்து போகிறவர்களிடம் யாரும் கட்டணம் கேட்பதில்லை. வழியில் கீழே எட்டிப் பார்த்தால், 2003-ல் கரைதட்டிய முல்ஹைம் என்ற ஜெர்மானியச் சரக்குக் கப்பலின் துருப்பிடித்த சிதறல்கள் கண்ணில் படலாம். காவலில் இருந்த அதிகாரியின் கால்சட்டை நாற்காலியின் நெம்புகோலில் மாட்டி, அவர் தடுக்கி விழுந்து நினைவிழந்துவிட்டார். அவர் கண் விழித்தபோது நேரம் கடந்துவிட்டது. விசாரணை அறிக்கையே சொல்வது இது. பத்து வயதுப் பையன் அந்த நாளில் மறக்காமல் வைத்துக்கொள்ளப்போவது இதைத்தான். முகட்டில் எங்கும் கம்பிவேலி கிடையாது, காற்று பலமாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சென்னனிலிருந்து வடக்கே திரும்பி பி3306-ல் ஏறினால் நிலமே மாறிவிடும். மரம் குறையும், வீடுகள் கருங்கல்லாகும், வயல் நடுவில் கூரை போன கட்டடங்களும் தனிப் புகைபோக்கிகளும் நிற்கும். எனக்கு இந்தப் பத்து கிலோமீட்டர்தான் இந்த வட்டத்தின் உயிர். போஸ்ட்கார்டில் வரும் அழகு வேறு எங்கேயும் கிடைக்கும். வெள்ளீயமும் செம்பும் தேடி மனிதர்கள் கடலுக்கு அடியிலேயே குடைந்துகொண்டு போன கரை இங்கேதான். கார்ன்வாலும் மேற்கு டெவனும் சேர்ந்த இந்தச் சுரங்க நிலத்தை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முதலில் கீவருக்குப் போங்கள், ஏனென்றால் அது மாலையில் மூடிவிடும். இரண்டரைக்குள் அங்கே இருக்கப் பாருங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். 1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. 1990-ல் கீவரில் வேலை நின்றது, 1993-ல் அருங்காட்சியகமாயிற்று. தொழிலாளர்கள் உடை மாற்றிய அறையைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டிருக்கிறார்கள். பெட்டிகளில் சட்டை, பூட்ஸ், ஒட்டிய படங்கள். வழிகாட்டிகளில் அங்கேயே வேலை பார்த்தவர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுச் சுரங்கம் ஒன்றினுள் அழைத்துப் போவார்கள். தலைக்கவசம் தருவார்கள், கூரை தாழ்வு, கால் நனையும். மூச்சுத்திணறலோ முதுகுவலியோ இருப்பவர்கள் வெளியில் இருந்துவிடலாம்.

இங்கே நின்று கோலார் தங்கவயலை நினைக்காமல் இருக்க முடியாது. 1880-களில் கோலாரை எடுத்து நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம் கார்ன்வால் சுரங்கங்களோடு நெடுநாள் தொடர்பு கொண்டது. உள்ளூரில் செம்பு விலை விழுந்ததும் வேலை தேடி உலகெங்கும் சிதறிய கார்ன்வால்காரர்களில் பலர் கோலாருக்கு மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். அவர்களுக்குக் கீழே குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் போன தமிழர்கள். உங்கள் குடும்பத்தில் கே.ஜி.எஃப். சொந்தம் யாராவது இருந்தால், கீவரில் அவர்களுக்குப் பழகிய கருவிகள் பலவற்றைப் பார்க்கலாம்.

கீவரை அடுத்து ஒரு நடை தூரத்தில் லெவன்ட் என்ற இன்னொரு சுரங்கம். 1840-ம் ஆண்டு நீராவி எஞ்சின் ஒன்றை, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. ஆட்களை ஏற்றி இறக்க இங்கே ஒரு பொறி இருந்தது: குழியின் ஆழம் வரை இறங்கும் மரத்தூண், அதில் வரிசையாகக் காலடிப் பலகைகள், எஞ்சின் அதை மேலும் கீழும் அசைக்கும், ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்துத் திட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து மேலே வர வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று வேலை முடிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறி வந்துகொண்டிருந்தபோது உச்சியில் இருந்த இரும்புப் பிணைப்பு முறிந்தது. முப்பத்தொரு பேர் இறந்தார்கள். லெவன்டின் குடைவுகள் கடலடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டவை. புயல் நாட்களில் தலைக்கு மேலே கடற்படுகையில் பாறாங்கற்கள் உருளும் சத்தம் கேட்கும் என்று இந்தக் கரைச் சுரங்கக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கிருந்து வந்த வழியே இரண்டு மூன்று கிலோமீட்டர் திரும்பினால் போட்டலக். ஐந்து மணிக்கு மேல் போங்கள், மேற்கு வெயில் விழும். முகட்டில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால், கீழே அலைக்கு நேர் மேலே பாறையைப் பிடித்துத் தொங்கும் கோயில்கள் மாதிரி இரண்டு எஞ்சின் வீடுகள், அதாவது சுரங்கத்தின் நீராவி எஞ்சின்கள் இருந்த கட்டடங்கள். கடலுக்கடியில் சாய்வாக இறங்கிய குழியிலிருந்து தாதுவை இழுக்க மேலேயுள்ளதைக் கட்டினார்கள். 1863-ல் குழியில் ஓடிய வண்டியின் சங்கிலி அறுந்து எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் மாண்டார்கள். இரண்டே ஆண்டில், 1865-ல், வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அதே குழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போக, வேடிக்கை பார்க்கக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. மேலேயே நின்று பார்க்கலாம், படி இறங்க வேண்டாம். பாதையை விட்டுப் புதருக்குள் மட்டும் யாரும் போகக் கூடாது, பழைய குழிகள் எங்கெங்கோ இருக்கின்றன. பக்கத்தில் தளம் தளமாகத் தெரியும் சுவர்கள் ஆர்செனிக் பிரித்த சூளை. புகையில் படிந்த நஞ்சைச் சுரண்டியவர்கள் மூக்கில் பஞ்சும் தோலில் களிமண்ணும் வைத்துக்கொண்டார்கள், பாதுகாப்பு அவ்வளவுதான்.

கேப் கார்ன்வால் இன்னும் கொஞ்சம் தெற்கே. முனையின் உச்சியில் 1864-ம் ஆண்டுப் புகைபோக்கி, கூட்டமே இல்லை. 1987-ல் ஹெய்ன்ஸ் நிறுவனம், ஆமாம், அதே தக்காளி கெட்ச்சப் ஹெய்ன்ஸ்தான், இதை விலைக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தது. யாரும் களைத்துப்போகவில்லை என்றால் எட்டிப் பாருங்கள்.

இல்லையென்றால் நேரே வடக்கே ஜென்னார் என்ற சிற்றூர். மோர்வாவிலிருந்து அங்கே போகும் சாலை, ஒரு பக்கம் கற்குன்று, மறுபக்கம் கடல்வரை சரியும் குட்டிக் குட்டி வயல்கள். அந்த வயல்வரப்புச் சுவர்களில் சில வரலாற்றுக்கு முந்தைய காலத்தவை, இன்றும் அவற்றுக்குள்தான் மாடு மேய்கிறது. தேவாலயத்தில் கடற்கன்னி செதுக்கிய பழைய மர இருக்கை ஒன்று உண்டு, ஐந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்டது. பாடகன் ஒருவனை அவள் கடலுக்குக் கூட்டிப்போனாள் என்று கதை.

திரும்பும்போது மோர்வா வரை வந்து மேட்ரன் சாலையைப் பிடித்தால், வழியிலேயே லான்யன் குவாய்ட். மூன்று கல் நிறுத்தி மேலே ஒரு பெரும் பலகைக்கல் வைத்த கற்காலச் சின்னம், நம் ஊர்க் கற்திட்டைகளின் இனம். 1815 புயலில் விழுந்து 1824-ல் மறுபடி நிறுத்தினார்கள். கால்கள் உடைந்துபோனதால் முன்னைவிடக் குட்டை. முன்பு குதிரைமேல் உட்கார்ந்தபடியே அடியில் போகலாமாம். அங்கிருந்து கால் மணி நேரத்தில் பென்சான்ஸ்.

சாப்பாடு: சைவம் என்றால் சீஸும் வெங்காயமும் உள்ளே வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டி எங்கும் கிடைக்கும். அம்மாவுக்கு அது இரண்டு நேரம் இறங்காது, புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். வெளியில் சாப்பிடும்போது தலைக்கு மேலே கடற்காகங்களைக் கவனியுங்கள், கையிலிருந்தே பிடுங்கிவிடும். செல்பேசி அலை பல இடங்களில் வராது என்பதால் நிறுத்தக் கட்டணத்துக்குச் செயலியை மட்டும் நம்பாமல் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துவிடுங்கள். மழையும் கடல்மூட்டமும் சேர்ந்து முகடே தெரியவில்லை என்றால் தந்தி அருங்காட்சியகத்திலும் கீவரிலும் கூடுதலாக உட்காருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். ஓட்டவே பயமாக இருந்தால், கோடையில் ஏறக்குறைய இதே வட்டத்தில் மாடி திறந்த பேருந்து ஓடுகிறது. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும் உயரம் என்பதால் காட்சி காரைவிட நன்றாகவே இருக்கும்.

செயின்ட் ஐவ்ஸ்: இந்த நாளில் சேர்க்காதீர்கள். மாலையில் அந்தச் சந்துகளுக்குள் வண்டி நிறுத்த இடம் தேடுவது வதை. மறுநாள் காலை ஊர் திரும்புகிறீர்கள் அல்லவா? ஏ30 வழியிலேயே செயின்ட் எர்த் ரயில் நிலையம் இருக்கிறது. காரை அங்கே நிறுத்திவிட்டு, கடலை ஒட்டிப் போகும் கிளைப்பாதை ரயிலில் கால் மணி நேரத்தில் செயின்ட் ஐவ்ஸ் போய், மதியத்துக்குள் திரும்பிக் கிளம்பலாம். போகும்போது பெட்டியின் வலப்பக்கம் உட்காருங்கள்.